துணிப்பையில் மைக்கறையும் ஸ்பாட் லிக்விடும்: வணிகர் அறிய வேண்டியவை



2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. அதன் பிறகு, கடைப்பெயர் அச்சிட்ட துணிப்பையும் நமக்கு ஒரு கொள்முதல் சரக்காகிவிட்டது. மரக்காணம் வட்டாரத்தில் நாம் திண்டிவனத்திலோ பாண்டியிலோ ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்கு ஆர்டர் கொடுக்கிறோம். கட்டு வந்ததும் பிரித்துப் பார்த்தால், சில பைகளில் மைப்புள்ளியோ விரல் தடமோ ஸ்கிரீனின் ஊசித்துளை வழியே கசிந்த பொட்டோ இருக்கும். "சுத்தம் செய்து கொடு, இல்லாவிட்டால் பில்லில் கழிப்பேன்" என்று திருப்பி அனுப்புகிறோம். அந்தப் பையன் கறையை எதை வைத்து எடுக்கிறான் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

முதலில் மையைப் பற்றி. துணிப்பைக்குப் பெரும்பாலும் இரண்டு வகை மை உண்டு. ஒன்று தண்ணீரில் கரையும் பிக்மென்ட் மை. இது ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரும் சோப்பும் போட்டால் போய்விடும். காய்ந்து சூடு காட்டிய பிறகு போவது கடினம். மற்றொன்று பிளாஸ்டிசால். இது சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் இறுகும். சூடு காட்டாத வரை எத்தனை நாளானாலும் காயாது. இந்தப் பிளாஸ்டிசால் புள்ளியை எடுப்பதற்குத்தான் ஸ்பாட் லிக்விடும் ஸ்பாட் கன்னும் வந்தன. லிக்விட் மையை இளக்கும், கன்னின் அழுத்தம் இளகிய மையைத் துணி இழையிலிருந்து தெறித்துத் தள்ளும். சாயம் ஏறிய கறைக்கு இது பயன்படாது. சாயம் நூலோடு சேர்ந்துவிடுவதால் தள்ளி விடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

வேலை தெரிந்தவர் பையைத் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து அடிப்பார். அடியில் வெள்ளைக் கழிவுத் துணி விரித்திருப்பார். முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுத் துணியின் நிறம் போகிறதா என்று பார்ப்பார். பிறகு ஓரத்திலிருந்து நடு நோக்கி வருவார். கடைசியில் கன்னைத் தூர எடுத்து லேசாக விசிறி, வளையம் விழாமல் ஓரத்தைக் கலைத்துவிடுவார். தேய்த்தால் மை பரவும். கடைப்பெயரின் எழுத்துக்கு ஒட்டினாற்போல் புள்ளி இருந்தால் தொடாமல் விடுவதே மேல், எழுத்தும் சேர்ந்து இளகிவிடும்.

அந்த லிக்விட் எது என்பதுதான் முக்கியம். பல ஆண்டுகளாக நம் நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் கறை எடுக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவம் தாராளமாகப் புழங்கியது. சி.டி.சி. என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஓசோன் படலத்தையும் அழிக்கும். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010 முதல் இந்தியா இந்தப் பயன்பாட்டை நிறுத்தியது. அதன் இடத்தைப் பிடித்தவற்றுள் டிரைகுளோரோ எத்திலீனும் டைகுளோரோ மீத்தேனும் உண்டு. இவையும் சாதுவானவை அல்ல. முன்னதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் வகைப்படுத்தியது. அமெரிக்கா 2024 டிசம்பரில் அதற்குத் தடை விதி வெளியிட்டது. பின்னதை முகர்ந்தால், அது உடலுக்குள்ளேயே கார்பன் மோனாக்சைடாக மாறும்.

இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தேங்கும். ஈர மையில் தூசி விழக்கூடாது என்று அச்சகத்தில் ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். அந்த அறையில்தான் பையன் குனிந்து நின்று கன் அடிக்கிறான். முகத்தில் கட்டும் துண்டு ஆவியைத் தடுக்காது. மெல்லிய ரப்பர் கையுறையை டைகுளோரோ மீத்தேன் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். பக்கத்தில் அடுப்போ பீடி நெருப்போ இருந்தால் இந்த ஆவியிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். ஆகவே வேலை நடக்கும் இடத்தில் தரையோரம் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி வேண்டும். குளோரின் கலவாத லிக்விடுகளும் விற்பனைக்கு உள்ளன. அவற்றில் பல தீப்பற்றக் கூடியவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இது. காய்கறி சுமக்கும் பையில் மிளகளவு புள்ளி இருந்தால் என்ன கெட்டுவிடும்? அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெரிய கறை என்றால் இரண்டாம் தரமென்று பேசி விலையைக் குறைக்கலாம், அல்லது வேறு துணியில் அடிக்கச் சொல்லலாம். ஆர்டர் கொடுக்கும்போதே "நூற்றுக்கு இத்தனை பை வரை ஏற்பேன்" என்று பேசிவிட்டால் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

உப்பு வியாபாரத்துக்கு இது வேறு விதத்திலும் பொருந்தும். பிளாஸ்டிக் சாக்கிலும் பாக்கெட்டிலும் உள்ள மை, தின்னர் தொட்ட துணியால் துடைத்தாலே வந்துவிடும். பழைய சாக்கின் அச்சை அழித்துப் புது அச்சுப் போடலாம், பாக்கெட்டின் விலையைத் துடைத்துவிட்டு வேறு விலை அடிக்கலாம் என்ற யோசனையோடு சிலர் வருவார்கள். அச்சிட்ட சில்லறை விலையை மொத்த வியாபாரியோ சில்லறை வியாபாரியோ அழிக்கவோ மங்கச் செய்யவோ மாற்றவோ கூடாது என்று பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011 கூறுகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, பிளாஸ்டிக் அந்தத் திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லைனர் இல்லாத சாக்கில் உப்புக்கும் அதற்கும் நடுவே தடையே இல்லை. உணவுப் பொருள் அடைத்த எதன் மேலும் ஸ்பாட் லிக்விட் படவே கூடாது.

இதைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் என்ன நடந்தது என்று அறிவோம். ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் சாராயமென்று விற்கப்பட்டது. நம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சில வகைத் தின்னரில் அதே மெத்தனால் கலந்திருக்கிறது. 10 மில்லி உள்ளே போனாலே கண்பார்வை பறிபோகலாம். பார்வைக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

ஆதலால் அச்சகத்திலிருந்து "கொஞ்சம் கறை எடுக்க" என்று தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மளிகை அலமாரியில் அதற்கு இடமில்லை. யாராவது தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. லேபிளோடு அந்தக் கேனையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது உள்ளே போனது என்று தெரிந்தால்தான் டாக்டர் தக்க வைத்தியம் செய்ய முடியும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுப் போக வேண்டும்.

காலிக் கேன் விஷயத்திலும் கவனம் தேவை. 5 லிட்டர் கேன் கெட்டியாக, பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். எண்ணெய்க்கும் குடிநீருக்கும் ஆகும் என்று கேட்டு வாங்குவோர் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்ட பிறகே பழைய சாமான் கடைக்காரரிடம் போடச் சொல்லுங்கள்.