தெருவோரச் சிறுவனும் போதையும்: மஹல்லாவின் கடமை

ரமளான் மாதத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பக்கவாட்டு வாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நிற்கும். தூக்குவாளியுடன் வரும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் டப்பாவை ஏந்திக்கொண்டு இரண்டு மூன்று சிறுவர்கள் நிற்பதை ரயில் நிலையத்தை ஒட்டிய மஹல்லாக்களில் வசிப்பவர்கள் பார்த்திருப்பார்கள். முப்பது நாளும் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். முகம்கூடப் பழகிவிடுகிறது. பெருநாள் பிறை தென்பட்டதற்குப் பிறகு அவர்கள் எங்கே உண்கிறார்கள், எங்கே உறங்குகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு பள்ளிவாசலில் நாம் கண்ட காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் ஹவுளின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தான். கையில் சுருட்டிய துணி. அதிலிருந்து சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனின் நெடி. தொழ வந்த ஒருவர், "ஹராமைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாஹ்வின் வீட்டுக்குள் வருகிறாயா?" என்று கம்பை ஓங்கினார். பையன் தடுமாறி எழுந்து ஓடினான். நாலைந்து பேர் விரட்டினார்கள். வாய் திறவாமல் நின்றவர்களில் நாமும் ஒருவர்.

அந்த விரட்டலில் இருந்த ஆபத்து நமக்குப் பின்னரே தெரிய வந்தது. சொல்யூஷன், பெயின்ட் தின்னர் போன்றவற்றில் டொலுயீன் முதலிய கரைப்பான்கள் உண்டு. அவற்றின் ஆவி நுரையீரல் வழியே சென்று சில நொடிகளில் மூளையை எட்டிவிடும். பசி மந்தமாகும், குளிர் உறைக்காது, இரவின் அச்சம் மறையும். நாள்பட்டால் மூளையும் நரம்பும் கெடும். இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. அந்த மயக்கத்தில் இருப்பவனைத் திடுக்கிடச் செய்தாலோ ஓட விட்டாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிர் அங்கேயே பிரியக்கூடும். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நேரலாம். ஆகவே அத்தகைய பிள்ளையைக் கண்டால் அதட்டக் கூடாது, விரட்டக் கூடாது. காற்றோட்டமான இடத்தில் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்ல வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? போதை தரும் எதுவும் கம்ருவின் சட்டத்திலேயே அடங்கும். பெயர் மாறுவதால் ஹுக்மு மாறாது. இதில் உலமாப் பெருமக்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் பருவமடையாத சிறுவன்மீது பாவத்தை எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதும் அதே மார்க்கத்தின் சட்டமே. அவன் கையில் இருந்தது ஹராமான போதை. அவனோ குற்றவாளி அல்லன். கம்பை ஓங்கியவர் முதலாவதை அறிந்திருந்தார், இரண்டாவதை மறந்துவிட்டார்.

வயது வந்த குடிகாரர் விஷயத்திலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறையை ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். தண்டனை நிறைவேறிய பின் அவரைச் சபித்தவர்களைத் தடுத்து, தம் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். பன்னிரண்டு வயதுப் பையனைச் சபித்தால் நாம் யாருக்கு உதவியவர்கள் ஆவோம்?

மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். அதன் தீங்கு பயனைவிடப் பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது. பிறகு, போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளை வந்தது. முழுத் தடை அல்மாயிதா அத்தியாயத்தில் வந்தபோது மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியது. அந்த நாளுக்குள் அம்மக்களுக்குப் பள்ளிவாசல் இருந்தது. முஹாஜிர்களை வீட்டில் சேர்த்துக்கொண்ட அன்ஸார்கள் இருந்தார்கள். வீடற்றவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே ஸுஃப்பா என்னும் திண்ணை நிழலும் கிடைத்தது. ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணையில் வாழ்ந்தவர்களே. நாமோ பையனிடமிருந்து துணியை மட்டும் பிடுங்குகிறோம். அவன் அதில் தேடிய சோற்றையும் தூக்கத்தையும் கொடுப்பதில்லை. இந்தப் பழக்கத்தை விடுவிக்கத் தனி மருந்து இல்லை என்கிறார்கள் மருத்துவர்கள். உணவு, அச்சமற்ற இரவு, படிப்பு, நம்பத்தக்க ஒரு பெரியவர், இவைதாம் சிகிச்சையின் அடித்தளம்.

இது நாலைந்து பிள்ளைகளின் கதையன்று. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, முகரும் போதையில் மட்டும் பெரியவர்களைச் சிறார் மிஞ்சுகின்றனர்: 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். உதவி தேவைப்படும் சிறார் சுமார் 4.6 லட்சம். இவர்கள் எல்லாரும் வீடற்றவர்கள் அல்லர். ஆனால் வீடற்றவனுக்குத் தடுத்துச் சொல்ல ஆளில்லை. வீட்டை விட்டு ஓடியும் வழி தவறியும் ரயிலடிக்கு வந்து சேரும் பிள்ளைகளை மீட்க ரயில்வே பாதுகாப்புப் படை நடத்தும் பணிக்கு 'நன்ஹே ஃபரிஷ்தே' என்று பெயர். சின்னஞ்சிறு மலக்குகள் என்று பொருள். (பெயர் வைத்தவருக்கு நல்ல மனம்!) 2018 முதல் 2024 வரை 84,000க்கும் மேற்பட்ட சிறார்கள் இதில் மீட்கப்பட்டதாகக் கணக்கு.

இங்கே முத்தவல்லிமார்களுக்கு ஒரு வார்த்தை. இரக்கப்பட்டு அந்தப் பிள்ளையை நேராக மதரஸாவிலோ யத்தீம்கானாவிலோ சேர்த்துவிடுவது சரியன்று. பெற்றோரைப் பிரிந்து ஆதரவின்றி நிற்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் 1098 எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். தவறினால் தண்டனை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கோ ஒரு தாய் அவனைத் தேடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? எவ்வளவு நல்லவராயினும், ஒருவர் தனியாக அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்வதும் கூடாது. தெருவில் பெரியவர்களின் கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் அவர்களுள் உண்டு.

கடை வைத்திருக்கும் சகோதரர்களும் கவனிக்க வேண்டும். சிறுவனுக்கு மதுவோ புகையிலையோ போதை மருந்தோ கொடுப்பவருக்கு அதே சட்டத்தில் 7 ஆண்டுவரை கடுங்காவலும் லட்ச ரூபாய்வரை அபராதமும் உண்டு. சொல்யூஷனோ பஞ்சர் ஒட்டும் சரக்கு. சைக்கிளே இல்லாத பையன் தினம் இரண்டு டியூப் கேட்டால் எதற்கு என்று கடைக்காரருக்குத் தெரியாதா? மது தொடர்பாகச் சாபத்துக்குரியோர் என ஹதீஸில் எண்ணப்பட்ட பத்துப் பேரில் விற்பவரும் இருக்கிறார்.

செலவுக்கு எங்கே போவது என்பார்கள். ஜகாத்தை முஸ்லிம்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. ஸதகாவுக்கு அந்த வேலி இல்லை. கஞ்சி ஊற்றும்போது நாம் பெயரா கேட்கிறோம்? ரமளானுக்குப் பின்னும் வாரத்தில் சில நாள் அதே வாசலில் ஒருவேளை உணவு, ஹவுளில் கைகால் கழுவ அனுமதி, அவர்கள் பெயரைச் சொல்லி அழைக்க இரண்டு பொறுப்பாளர்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை.

தொழுகை நேரம் எழுதும் பலகையின் அடியில் இரண்டு எண்களுக்கு இடமிருக்கும். குழந்தைகளுக்கு 1098, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மோதினார் சாஹிப் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடலாம்.