ஐப்பசி மழைக்கு முன் டீத்தூள் கடைக்காரர்களுக்கு

புரட்டாசி முடியப் போகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் டீத்தூள் சில்லறை விற்பவர்கள் இந்த வாரமே இருப்பை எடை போடுங்கள்.

மூட்டை வாங்கி அடுக்காதீர்கள். போன மழைக்கும் இதையேதான் சொன்னோம். கேட்காதவர்கள் கார்த்திகையில் கட்டி தட்டிய தூளைக் குப்பையில் கொட்டினார்கள்.

மழை வந்தால் டீ ஓடும் என்கிறீர்கள். டீக்கடைக்கு ஓடலாம், உங்களுக்கு? குழித்தறியில் தண்ணீர் ஊறி, தெருவில் பாவு நீட்ட முடியாமல் போனால் நெசவாளர் வீட்டில் கூலி நின்றுவிடும். கால் கிலோ வாங்கிய வீடு 50 கிராம் பாக்கெட் கேட்கும். ஆகவே சின்ன பாக்கெட்டைக் கூட்டுங்கள், மூட்டையைக் குறையுங்கள்.

கணக்கு எளிது. கடைசி 14 நாள் விற்பனையை 14-ஆல் வகுங்கள். நாளுக்கு 3 கிலோ, சரக்கு வர 4 நாள், மழைத் தாமதத்துக்கு 3 நாள் என்றால் 21 கிலோ. இருப்பு அதற்கு இறங்கும்போது அடுத்த மூட்டைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

2019-இல் அத்திவரதர் தரிசனம் 48 நாள். ஆகஸ்ட் 17-உடன் கூட்டம் முடியும் என்று தெரிந்து சரக்கு எடுக்க முடிந்தது. மழை அப்படித் தேதி சொல்லிவிட்டு வராது.

பனி விழுந்தால் நீலகிரியில் கொழுந்து கருகும், விலை ஏறும் என்று ஏஜென்ட் பயமுறுத்துவார். பாதி உண்மை. குன்னூர் ஏலம் வாராவாரம் நடக்கிறது. விற்காத தூள் மறுபடி ஏலத்துக்கு வந்து விலையை இழுத்துப் பிடிக்கும். கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினாலும் 30 கிலோ மூட்டையில் மிச்சம் 300 ரூபாய்தான். கிலோ 200 ரூபாய்த் தூள் ஒரு மூட்டை கெட்டால் 6,000 போச்சு. இந்தக் கணக்கு கூடவா வராது?

மரப்பலகை மேல் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. டின் மூடி இறுக்கமாக. பழையது முதலில் விற்கட்டும். கற்பூரம், ஊதுபத்தி, பூச்சி உருண்டை பக்கத்தில் கூடவே கூடாது; டீத்தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஈரமும் அப்படியே, அதிலும் இலையைவிட டஸ்ட் வேகமாக இழுக்கும்.

மறுபடி சொல்கிறோம், மூட்டை அடுக்காதீர்கள். மீறி அடுக்கி ஈரம் பட்டுவிட்டால் அதை வெயிலில் உலர்த்திப் புதுத் தூளில் கலக்கும் வேலை வேண்டாம். ஈரம் போகும், பூஞ்சை வாடை போகாது. நல்ல மூட்டையும் சேர்ந்து கெடும். கெட்டதை எடை போட்டு நட்டத்தில் எழுதிக் கொட்டிவிடுங்கள். இருப்பில் அதைக் காட்டி, அடுத்த ஆர்டரைத் தள்ளிப் போடாதீர்கள்.