முள்ளங்கி வரிசையில் ஒரு பாடம்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் முள்ளங்கி விதைத்தனர். இலை தழைத்தது, பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. தவறு என்னுடையது. நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முள்ளங்கி நேரடியாக விதைக்க வேண்டிய பயிர். பிடுங்கி நட்டால் ஆணிவேர் சிதைந்து கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளைத்துவிடும். மட்காத சாணம் இட்டாலும் அப்படித்தான்.

இவ்வாண்டு மண்ணை ஓரடி ஆழம் கொத்தி, மட்கிய தொழுஉரம் கலந்து, பார் அமைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் விதைத்தோம். நான்காம் நாள் முளைவிட்டது. பத்தாம் நாள், 10 செ.மீ. இடைவெளிக்கு ஒரு செடி விட்டு மற்றவற்றைப் பிடுங்கச் சொன்னேன்.

“நாங்க போட்ட விதைதானே டீச்சர், ஏன் பிடுங்கணும்?” என்று ஒரு மாணவி அழுதேவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் வரிசையை மட்டும் அப்படியே விட்டோம். மற்ற வரிசைகளில் பிடுங்கிய இளங்கீரை அன்றைய சத்துணவுச் சாம்பாரில் சேர்ந்தது. (சமையலர் அம்மாவுக்கு அதில் ஏக மகிழ்ச்சி.)

45ஆம் நாள் அளவுகோலோடு இறங்கினோம். கலைத்த வரிசைகளில் 20 செ.மீ. வரை கிழங்கு, அவள் வரிசையில் பென்சில் பென்சிலாக. இரண்டையும் அவளே பட்டை வரைபடமாக வரைந்தாள்.

மறு விதைப்பின் பத்தாம் நாள், காலை வழிபாட்டு மணிக்கு முன்பே ஸ்கேலுடன் பாத்தியோரம் குந்தியிருந்தாள்.