சாவி யாரிடம்?

பாடாங் மேஹாவில் உட்கார்ந்துகொண்டு கடலோர ஊரைப் பற்றி இவன் ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

போன விடுமுறையில் கோத்தா கோலா மூடாவுக்குப் போயிருந்தேன். சுங்கைப் பட்டாணி வழியாக மோட்டாரிலேயே போய்வரலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் சேதமான படகுகளை வைத்தே அங்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 9 மணிவாக்கில். கெடா கரைக்கு அலை வந்தது பிற்பகல் 1 மணிக்கு மேல். இடையில் 4 மணி நேரம்! ஆனால் சொல்வதற்கு ஆளில்லை. எச்சரிக்கை அமைப்பும் அப்போது நம் நாட்டில் இல்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள்.

அதே நாள், புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்ற மீனவர் கிராமம். அவர்களுக்கு இதைவிடக் குறைந்த நேரம்தான். அந்த ஊர்க்காரர் விஜயகுமார் குணசேகரன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணி ஊருக்குள் வருகிறது என்று தங்கை சொன்னதும், "ஓடுங்க, எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் அந்த ஊரில் இருந்தது. அதன் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வெளியேறினார்கள். சுமார் 150 வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நான் படிப்பது பொறியியல். முதலில் கருவியைத்தான் பாராட்டத் தோன்றியது. யோசித்தால், ஒலிபெருக்கி எல்லா ஊரிலும் இருக்கிறது. நல்லவாட்டில் அது கடல் நிலவரம் சொல்லும் குரலாகப் பழகியிருந்தது. அதனால்தான் கூப்பிட்டதும் நம்பி ஓடினார்கள். ஆபத்து வரும் நாளில் நம்பிக்கையை உண்டாக்க முடியாது. அது முன்னமே இருக்க வேண்டும்.

நமக்குக் கடல் இல்லை, வெள்ளம் இருக்கிறது. 2022 ஜூலையில் பாலிங், கூப்பாங்கில் என்ன நடந்தது என்பதை மறந்திருக்க மாட்டோம். நம் தாமான் வாட்ஸ்ஆப் குழுவை நானே சத்தமில்லாமல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கைப்பேசியே கிடையாது.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுவோம். தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில்? அவர்களை அழைத்துவர யார் போவது? கோவில் ஒலிபெருக்கி அறையின் சாவி நடுராத்திரியில் யாரிடம் இருக்கும்?

மூன்றாவது கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. இந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தலைவர் ஐயாவிடம் கேட்கப் போகிறேன்.