மழைக்காலத்தில் சைலன்சரைக் காப்பாற்றுவது எப்படி?

ஐப்பசி தொடங்கித் தை வரை பதுளைப் பக்கம் மழைதான். பசறை, மடுல்சீமை, நமுனுகுல தோட்ட ரோட்டுகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் சைலன்சர் மழை பட்டுத் துருப்பிடிப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரிய சேதம் உள்ளிருந்து வருகிறது. ஒரு லீற்றர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். லயத்திலிருந்து கொழுந்து மடுவம் வரை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால், சைலன்சர் சூடேறுவதற்குள் அந்த ஆவி குளிர்ந்து அடியில் தேங்கிவிடும். அது கரியோடு சேர்ந்து தகட்டை அரித்துத் தின்னும்.

அதனால் முதல் வேலை, சைலன்சரின் அடியில் சிறு துளை இருக்கிறதா என்று பார்ப்பது. பல பைக்குகளில் தண்ணீர் வடியவென்றே அதை வைத்திருப்பார்கள். சேறு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். துரு விழுந்த ஓட்டை என்று எண்ணி வெல்டிங் வைத்து அடைப்பதைப் போலப் பிழை வேறில்லை. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு ஓட்டம் போதும், தேங்கிய ஈரம் ஆவியாகிப் போய்விடும்.

அடுத்தது கசிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி மட்டும் பொத்துங்கள். மூட்டில் 'புஸ்' என்று சத்தம் வந்தாலோ, கரிக்கோடு படிந்திருந்தாலோ கேஸ்கட் போய்விட்டது. அதை மாற்ற வேண்டுமானால் முதல்நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். அவசரப்பட்டுத் திருகி ஸ்டட் முறிந்தால் செலவு பல மடங்காகும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். புதியதைப் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வெளித்துருவுக்கு அரத்தாள் தேய்த்து, சூடு தாங்கும் பெயின்ற் அடித்தால் போதும். கழுவும்போது சைலன்சர் வாயில் பொலித்தீன் பை கட்டுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

ரோட்டைக் குறுக்கறுத்து ஓடை பாய்ந்தால் முதலில் இறங்கி ஆழம் பாருங்கள். ஆழமான நீரைக் கடக்கும் இராணுவ வாகனங்களுக்குப் புகைக்குழாயை மேலே உயர்த்திக் கட்டுவார்கள். நம் பைக்கில் அது தாழ்வாகவே இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். குறைவென்றால் முதல் கியரில், அக்சிலேட்டரை விடாமல் மெதுவாகப் போங்கள். நடுவில் எஞ்சின் நின்றால் அங்கேயே ஸ்டார்ட் செய்யாமல் கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, கிக்கரை உதைத்துத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

மழைக்குப் பயந்து பைக்கைக் காம்பராவுக்குள் ஏற்றி வைக்கிறோம். வைக்கலாம், ஆனால் உள்ளே ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. வெளியே தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள், பிள்ளைகள் உள்ளே தூங்குகிறார்கள்.