தோட்டத்துச் சாலை யாருடைய பொறுப்பு?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் தோட்டப்புறங்களிலிருந்து வரும் கடிதங்களில் சாலையைப் பற்றிய முறையீடு இல்லாத கடிதம் அரிது. “எங்கள் தோட்டத்திற்குள் வரும் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, பள்ளிப் பேருந்து முச்சந்தியிலேயே நின்றுவிடுகிறது, அரசாங்கம் ஏன் கவனிக்கவில்லை?” என்பதே அவற்றின் சாரமாக இருக்கும். முறையீடு நியாயமானதே. ஆனால், ‘அரசாங்கம்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் சிக்கல் இருக்கின்றது. மலேசியாவில் சாலைகளைப் பேணும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இல்லை. யாரிடம் கேட்கவேண்டியதை யாரிடம் கேட்கிறோம் என்பது தெரியாவிட்டால், கடிதம் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சென்றுகொண்டே இருக்கும்; குழியோ ஆழமாகிக்கொண்டே போகும். ஆகவே, ஒரு மாவட்டத்தில் சாலை, சாக்கடை, குப்பை, தெருவிளக்கு ஆகியவை எவ்வாறு பேணப்படுகின்றன என்பதை இங்கே பார்ப்போம். தீபகற்ப மலேசியாவின் நடைமுறையே இங்குக் கூறப்படுகின்றது. சபாவும் சரவாக்கும் தமக்கெனத் தனிச் சட்டங்களைக் கொண்டவை.

முதலில் பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு அலுவலகங்களைப் பிரித்துக் காண்போம். ‘பெஜாபாட் டாயிரா’ எனப்படும் மாவட்ட அலுவலகம் வேறு. ‘மஜ்லிஸ் டாயிரா’ எனப்படும் மாவட்ட மன்றம் வேறு. மாவட்ட அலுவலகம் மாநில அரசாங்கத்தின் கிளை. மாவட்ட அதிகாரி அதன் தலைவர். பெங்ஹுலு அவருக்குக் கீழ்ப் பணியாற்றுபவர். மாவட்ட மன்றமோ, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் அமைந்த தனி மன்றம். தனக்கென வரி வசூலித்து, தனக்கென வரவுசெலவுத் திட்டம் வகுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. தாப்பா, பாலிங், யோங் பெங் ஆகிய இடங்களில் உள்ளவை இத்தகைய மன்றங்களே. மக்கள்தொகையும் வருமானமும் பெருகும்போது மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்த்தப்படுவதுண்டு. கோலலங்காட் 2020ஆம் ஆண்டில் அவ்வாறு உயர்வு பெற்றது.

மன்றத்தில் ஒரு தலைவரும், எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர்களும் இருப்பர். இவர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். முன்பு ஊராட்சித் தேர்தல்கள் இருந்தன. இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய காலத்தில், 1965ஆம் ஆண்டில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். சிறு மன்றங்களாகச் சிதறிக் கிடந்த அமைப்பைச் சீர்செய்ய வேண்டும் என்றும், உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படவேண்டும் என்றும் அவ்வாணையம் பரிந்துரைத்தது. சீரமைப்பு நடந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது.

இனிச் சாலைக்கு வருவோம். சாலை எவருடையது என்பதைச் சாலையே ஓரளவு சொல்லிவிடும். ஓரத்தில் உள்ள பலகையில் வெறும் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை செல்லும் முதலாம் எண் சாலை அத்தகையது. எண்ணுக்கு முன் ஓர் எழுத்து இருந்தால் அது மாநிலச் சாலை: பேராக்கிற்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’, ஜொகூருக்கு ‘ஜே’, கெடாவிற்கு ‘கே’ என ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஓர் எழுத்து உண்டு. கூட்டரசுச் சாலைக்கான செலவு மத்திய அரசாங்கத்தினுடையது. மாநிலச் சாலையை மாநிலப் பொதுப்பணி இலாகா கவனிக்கின்றது. பலகையில் எண்ணே இல்லாத சாலைகள்தாம் நம் தொல்லைக்குக் காரணம். அவற்றுள் வீடமைப்புப் பகுதிகளிலும் சிறு பட்டணங்களிலும் உள்ள தெருக்கள் மாவட்ட மன்றத்திற்குரியவை. சில கிராமச் சாலைகள் மாவட்ட அலுவலகத்தின் கவனிப்பில் உள்ளவை. எஞ்சியவை தனியார் சாலைகள். பெரும்பாலான தோட்டச் சாலைகள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை.

சாலைகளைப் பேணப் பணம் எங்கிருந்து வருகின்றது? நம் அரசியலமைப்புச் சட்டத்தின் பத்தாம் அட்டவணை இதற்கு ஒரு வழி வகுத்துள்ளது. ஒவ்வொரு மாநிலமும் பேணிவரும் சாலைகளின் மொத்த நீளத்தை, ஒரு மைல் சாலையைப் பேணுவதற்கு ஆகும் சராசரிச் செலவால் பெருக்கி வரும் தொகையை மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் மாநிலத்திற்கு வழங்கவேண்டும். பொதுப்பணி இலாகா பேணும் சாலைகளோடு ஊராட்சி மன்றங்கள் பேணும் சாலைகளும் இக்கணக்கில் சேரும். இதற்கான சாலைப் பதிவேட்டை ‘மாரிஸ்’ என்று அழைக்கிறார்கள். பதிவேட்டில் உள்ள சாலைக்கே மானியம் கிடைக்கும். பதிவேட்டில் இல்லாத சாலைக்கு ஒரு காசும் வராது. இந்த ஒரு வரியை வாசகர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில், “உங்கள் சாலை எங்கள் பட்டியலில் இல்லை” என்று மன்றத்து அதிகாரி கூறும்போது, அவர் தட்டிக்கழிக்கிறார் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. பல வேளைகளில் அவர் இந்தப் பதிவேட்டைத்தான் குறிப்பிடுகிறார்.

இம்மானியம் பேணுதலுக்கு உரியது. புதிய சாலை போடுவதற்கு உரியதன்று. ‘பேணுதல்’ என்பதற்கு அவ்வட்டவணையே பொருள் கூறுகின்றது: சாலையையும், அதனோடு சேர்ந்த பாலங்களையும் மதகுகளையும், முதலில் கட்டப்பட்ட அல்லது பின்னர் மேம்படுத்தப்பட்ட நிலையிலேயே இயன்றவரை வைத்திருத்தல் என்பதே அதன் கருத்து.

அப்படி வைத்திருப்பதில் முக்கிய வேலை எது என்று கேட்டால், தார் ஊற்றுவது என்றே பலரும் விடையளிப்பர். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களிடம் இதைக் கேட்டபோதும் அதே விடைதான் கிடைத்தது. உண்மையில் சாலையின் பெரும்பகை தண்ணீர். ஆகவே முதல் வேலை தண்ணீரை அப்புறப்படுத்துவதே. நன்றாகப் போடப்பட்ட சாலை நடுவில் சற்று உயர்ந்தும் இரு ஓரங்களிலும் தாழ்ந்தும் இருக்கும்; பெய்யும் மழை ஓரத்திற்கு ஓடிவிடும். ஓரத்தில் புல் மண்டிக் கிடந்தாலோ, சாக்கடை மண்ணால் தூர்ந்திருந்தாலோ, மதகுக் குழாயில் செம்பனை மட்டை அடைத்துக்கொண்டாலோ, அந்தத் தண்ணீர் சாலையிலேயே தேங்கும். தாரில் தலைமயிர் அளவு வெடிப்பு இருந்தால்கூட அதன் வழியே உள்ளிறங்கும். அடியில் உள்ள கல்லும் மண்ணும் ஊறி இளகிவிடும். அதன்மேல் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று செல்லும்போது சக்கரத்தின் பளுவால் சேற்றுநீர் வெடிப்பின் வழியே பீறிட்டு வெளியேறும். கூடவே மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். அடியில் வெற்றிடம் உண்டாகி மேல்தார் இடிந்து விழும். ஒரு குழி பிறக்கும் கதை இதுதான். புல் வெட்டுவதும் சாக்கடை தூர்வாருவதும் சாலை வேலையல்ல, வெறும் துப்புரவு வேலை என்று நினைப்பவர்கள் இதனை ஒருமுறை நேரில் கண்டால் போதும்.

குழியை அடைப்பதற்கும் முறை உண்டு. குழியின் சிதைந்த ஓரங்களை நாற்சதுரமாக வெட்டியெடுத்து, ஈரத்தையும் தூசியையும் நீக்கி, பக்கங்களில் தார் பூசி, பிரிமிக்ஸ் என்னும் தார்க்கலவையை இட்டு, நன்கு அழுத்தவேண்டும். தண்ணீர் நிற்கும் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால், அடுத்த பெருமழையில் அது பெயர்ந்துவிடும். அவ்வாறு செய்யும் குத்தகைக்காரரைக் கண்டால் நாளையும் இடத்தையும் குறித்து மன்றத்திற்குத் தெரிவிப்பது நம் கடமை. அது நம் பணம்.

செம்மண் சாலைக்கு வேறு வைத்தியம். இயந்திரத்தால் சுரண்டிச் சமப்படுத்தி, நடுமேட்டை மீண்டும் உருவாக்கி, உருளையால் அழுத்தவேண்டும். இதனை மழைக்கு முன்பே செய்தல் நலம்.

சாலையைத் தவிர மாவட்ட மன்றம் வேறு என்னென்ன செய்கின்றது? சந்தை, உணவங்காடி, பொதுக் கழிப்பறை, திடல், சிறு பட்டணத்துச் சாக்கடைகள், கடைகளுக்கான உரிமம், கட்டட வரைபட அனுமதி, கொசு ஒழிப்பு ஆகியவை அதன் வேலைகள். குழாய்நீர் அதன் வேலையன்று, மின்சாரமும் அன்று. குப்பை அள்ளும் பணி மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடும். 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களில் அப்பணி மத்திய அரசாங்கத்தின் பொறுப்புக்குச் சென்றது. சிலாங்கூர், பேராக், பினாங்கு ஆகியவை அன்று அதில் இணையவில்லை.

இவற்றிற்கெல்லாம் மன்றத்தின் சொந்த வருமானம் மதிப்பீட்டு வரி. இதனை நில வரியோடு குழப்பிக்கொள்ளலாகாது. நில வரி மாநிலத்தின் நில அலுவலகத்திற்குச் செல்வது. மதிப்பீட்டு வரி மன்றத்திற்குச் செல்வது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாக விதிப்பது ஒரு முறை. சட்டப்படி அது 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆண்டுக்கு இருமுறை, அரையாண்டு தொடங்கியதும் செலுத்தவேண்டும். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வந்தால் எதிர்ப்பைக் குறித்த காலத்திற்குள் எழுத்துமூலம் தெரிவிக்கும் உரிமை வரி செலுத்துவோருக்கு உண்டு. கிராமப்புற மன்றங்களின் பரப்பு பெரிது, வரி செலுத்தும் கட்டடங்களோ குறைவு. எனவே அவை மாநில, மத்திய மானியங்களையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

இனித் தோட்டத்தைப் பற்றி. தோட்டம் தனியார் நிலம். அதனுள் ஓடும் சாலை, லயத்துச் சாக்கடை, விளக்கு ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருப்பதும், நீர், மின்சார வசதி தருவதும் முதலாளியின் கடமை என்பதை 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் விதிக்கின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதன் பெயர் மாறியது, கடமை மாறவில்லை. ஆகவே லயத்துக் கூரை ஒழுகினால் மாவட்ட மன்றத்திற்கு எழுதிப் பயனில்லை. தொழிலாளர் இலாகாவிற்கு எழுதவேண்டும்.

“எங்கள் தோட்டம் மன்றத்திற்கு வரி கட்டுகிறதே, பிறகு ஏன் எங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை?” என்று கேட்போர் உண்டு. அது தட்டமுடியாத கேள்வி. மன்ற எல்லைக்குள் அடங்கிய தோட்டங்கள் வரி செலுத்துகின்றன. பொதுப்பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிட முடியாது என்று மன்றங்கள் கூறுகின்றன. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் இடையே நிற்பவர்கள் தோட்டத்து மக்கள். வேலையை விட்டு நின்ற பின்னும் தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பங்களின் நிலை இன்னும் இக்கட்டானது. முதலாளியின் சட்டக் கடமை தொழிலாளரை நோக்கியதே அன்றி அவர்களை நோக்கியதன்று.

தோட்டம் கைமாறும்போது இச்சிக்கல் முற்றிவிடுகின்றது. தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் செல்லும் சாலை ஐம்பது ஆண்டுகளாக எல்லாரும் நடந்த சாலையாயிருக்கலாம். பத்திரத்தில் அது தோட்ட நிலமே. புதிய உரிமையாளர் அதைப் பேணாமல் விட்டால் மன்றத்தால் மண்கூடக் கொட்ட இயலாது. எனவே, தோட்டம் நல்ல நிலையில் இருக்கும்போதே செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. பள்ளிக்கோ குடியிருப்புக்கோ செல்லும் முதன்மைச் சாலைக்குரிய நிலத்துண்டை மட்டும் தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசாங்கத்திடம் திரும்ப ஒப்படைக்குமாறு நிர்வாகத்தைக் கேட்கலாம். முழுத் தோட்டத்தையும் அன்று. அந்தச் சாலையின் அகலத்தை மட்டும். ஒப்படைக்கப்பட்டு, அளக்கப்பட்டு, தகுதிக்கேற்பச் செப்பனிடப்பட்டு, பொதுச் சாலையாகப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அதன்பின் ஆண்டுதோறும் மானியம் அதற்கும் சேர்ந்தே வரும். இது ஒரு மாதத்தில் முடியும் வேலையன்று. நிர்வாகம் இணங்கவேண்டும், நில அலுவலகம், பொதுப்பணி இலாகா, மன்றம் மூன்றும் கையொப்பமிடவேண்டும். ஆயினும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு லாரி கல் கேட்டு மனுப் போடுவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

மன்றத்திற்கு எழுதுவோர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். சாலையின் பெயர் அல்லது எண், அருகிலுள்ள கிலோமீட்டர் கல், பழுதின் அளவு, எந்நாளிலிருந்து என்பது, அவ்வழியைப் பயன்படுத்தும் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் எத்தனை பேர் என்பது ஆகியவற்றைத் தேசிய மொழியில் சுருக்கமாக எழுதி, இரண்டு படங்களை இணைத்து, நகல் ஒன்றை உங்கள் வட்டார மன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை மன்றம் முன்கூட்டியே தயாரித்து மாநில அரசாங்கத்தின் ஒப்புதலுக்கு அனுப்பவேண்டியிருப்பதால், பெரிய வேலைகளுக்கான மனு ஆண்டின் முற்பகுதியிலேயே போய்ச் சேரவேண்டும். டிசம்பரில் எழுதுவது காலம் கடந்த செயல்.

மன்றம் மாதந்தோறும் கூடவேண்டும் என்பது சட்டம். அக்கூட்டத்தில், மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். பேச முடியாது, கேட்கலாம். கூட்ட நாளை மன்ற அலுவலகத்திலேயே விசாரித்து அறிந்துகொள்ளலாம்.