பிடரி முடி ஏன் அடங்குவதில்லை?

மாணவர்களே, காலையில் முடியை ஒழுங்காகச் சீவிக் கட்டுகிறீர்கள். சபைகூடல் முடிவதற்குள் பிடரியில் குட்டை முடிகள் கிளம்பிவிடுகின்றன. ஏன்?

தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. புதிதாக முளைத்தவையும் பாதியில் உடைந்தவையும் ரப்பர் வளையம் வரை எட்டா.

அடுத்த காரணம் ஈரம். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தைத் தற்காலிகமாகப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். வியர்வையும் காற்றிலுள்ள நீராவியும் அவற்றை அவிழ்த்துவிடும். முடி தன் இயல்பான வளைவுக்குத் திரும்பும்.

தீர்வும் இதிலேயே உண்டு. விரலில் தண்ணீர் தொட்டு முடியை நனையுங்கள். வேண்டிய திசையில் சீவிக் காயவிடுங்கள். காயும்போது பிணைப்புகள் புதிய நிலையில் உருவாகும். பிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் ஈரம் புகுவது தாமதமாகும்.

ஆனால், அடங்கவில்லையே என்று நாள்தோறும் இறுக்கிக் கட்டாதீர்கள். தொடர் இழுப்பு முடியின் வேர்ப்பையைப் பாதிக்கும். தொடக்கத்திலேயே தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அவ்விடம் நிரந்தரமாக வழுக்கையாகலாம். கட்டும்போது வலித்தால், அதுவே எச்சரிக்கை.

சிந்திக்க: சூடாக்கி நேராக்கிய சுருட்டை முடி மழையில் நனைந்ததும் ஏன் மீண்டும் சுருள்கிறது?